பாமாக்கோ மினுக்கம்

யோகராணியிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. புதுப் பருத்தித் துணி எதுவானாலும் தண்ணீரில் ஊறப்போட்டு, காய வைத்து, அயன் பண்ணிய பிறகுதான் அதில் கத்தரிக்கோலை வைப்பாள். பிளவுஸுக்கு லைனிங் வெட்டுவதென்றாலும் அப்படித்தான், பிள்ளைச் சட்டை என்றாலும் அப்படித்தான். சாயம் போகும் என்று பட்டால் தண்ணீரில் ஒரு கை உப்பும் போடுவாள். இந்த வேலையைச் செய்யாத தையல்காரிகளிடம் அவளுக்கு மரியாதை கிடையாது. முதல் தோய்ச்சலில் துணி சுருங்கினால் பழி தைத்தவளுக்குத்தான் வரும் என்பது அவளுடைய கட்சி. கெட்ட பழக்கத்தால் கெட்டவர்களின் கதைகளை நாம் போதிய அளவு கேட்டிருக்கிறோம். யோகராணி கெடுத்தது நல்ல பழக்கத்தால்.

வயது ஐம்பத்துநான்கு. கனடாவில், ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு ரவுன்ஹவுஸ். கணவர் சச்சிதானந்தன் மிசிசாகாவில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி, முதுகு பழுதாகி, இப்போது வீட்டில் இருந்து உலக அரசியலைத் திருத்துகிறார். யோகராணி தொண்ணூற்றாறில் இங்கே வந்திறங்கிய மூன்றாவது வாரமே ஒரு கோட் தொழிற்சாலையில் போய் உட்கார்ந்தவள். அங்கே ஏழு வருஷம் பொக்கெற் மட்டும் தைத்தாள். முழுக் கோட் எப்படி இருக்கும் என்று பார்க்க அவள் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அது மூடப்பட்டது. பிறகு திரைச்சேலை, அதுவும் மூடப்பட்டது. பிறகு நீச்சலுடைக்கு இலாஸ்ரிக் வைக்கிற இடம், அதுவும் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கடைசி நாளில் மற்றப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது யோகராணி தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அழுகை வருமா என்று பஸ்ஸில் இருந்தும் பார்த்தாள். வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் பெரிதாக உறைப்பதில்லை. அதை அவள் ஒரு குறையாகவும் நினைக்கவில்லை.

அதன் பிறகுதான் ஜெனெபா வந்தாள். மாலி நாட்டில் பாமாக்கோ நகரத்துக்காரி. முப்பத்தெட்டு வயது. மொன்றியலில் உடை வடிவமைப்புப் படித்து, ரொறன்ரோவில் தன் பெயரில் ஒரு தொழில் நடத்தத் துணிந்தவள். மார்க்கம் றோட்டுக்குக் கிழக்கே, கார் திருத்துகிற கடை ஒன்றின் பின்புறம் அவளுடைய இடம். நான்கு மெஷின், ஒரு வெட்டுமேசை, ஒரு பெரிய தொட்டி. தையலுக்கு ஆள் தேவை என்று அவள் ஒட்டிய நோட்டீசைப் பார்த்து யோகராணி போனாள். ஜெனெபா ஒரு கழுத்துத் தைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினாள். அன்றைக்கே வேலை.

ஜெனெபாவின் ஆங்கிலம் பிரெஞ்சு வழியாக வந்தது. யோகராணியின் ஆங்கிலம் தொழிற்சாலை வழியாக வந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில் மூன்று வருஷம் வேலை நடந்தது. அதை அப்படியே எழுதினால் படிக்கிறவர்களுக்குத்தான் பாடு, ஆகையால் இங்கே இருவரும் எங்கள் தமிழிலேயே கதைக்கட்டும். ஜெனெபா அவளைத் 'தான்ரி', அதாவது மாமி, என்று கூப்பிடுவாள். அவர்கள் ஊரிலும் மூத்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஜெனெபா கெட்டிக்காரி. வெட்டுமேசையில் பழுப்புத் தாளை விரித்து, நின்றபடியே, அளவுகோல் இல்லாமல் ஒரு தோளை வரைவாள். தைத்துப் போட்டால் தோள் சொன்ன இடத்தில் இருக்கும். ஆனால் கெட்டித்தனத்தை யார் வாங்குகிறார்கள்? பெரிய கடைக்காரருக்குப் பெப்ரவரி மாதம் வந்தால்தான் ஆபிரிக்கா ஞாபகம் வரும். கறுப்பின வரலாற்று மாதத்துக்கு ஜன்னலில் நாலு சட்டை தொங்கவிட்டு, மார்ச்சில் திருப்பி அனுப்புவார்கள். வங்கியில் ஒருவன், உங்கள் நாட்டு ஆட்கள் இங்கே எத்தனை பேர் என்று கேட்டான், ஏதோ அவர்கள் மட்டும்தான் சட்டை போடுகிறவர்கள் மாதிரி. அவளுடைய சொந்தச் சனமோ கலியாணத்துக்கு எட்டு நாள் இருக்க ஓடிவந்து, சகோதரிதானே, விலையைப் பார்த்துப் போடு என்பார்கள். ஒருமுறை அவள் வரைந்த பலூன் கைச் சட்டை மூன்று மாதத்துக்குள் இணையக் கடை ஒன்றில் கால் விலைக்கு வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த யோகராணி சொன்னாள்:

"இந்த மடிப்பு நான் அண்டைக்கு மாறித் தைச்ச மடிப்பு. என்ர பிழையையும் சேர்த்தெல்லோ களவெடுத்திருக்கிறாங்கள்."

ஜெனெபா சிரித்தாள். அப்போதெல்லாம் அவள் சிரிப்பாள்.

மூன்றாம் வருஷம் கோடையில் ஒரு சட்டை திரும்பி வந்தது. முதல் தோய்ச்சலில் சுருங்கிவிட்டதாம். அவசரத்தில் ஊறப்போடாமல் வெட்டியது. வாங்கிய பெண் இணையத்தில் எழுதியும் போட்டாள். ஜெனெபா அதை வாசித்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இனி இந்த இடத்தில் தண்ணீர் காணாத துணி எதுவும் மேசையில் ஏறாது என்று யோகராணி தனக்குள் முடிவெடுத்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ஓகஸ்ட் மாதம் அந்த ஓடர் வந்தது. டவுன்ரவுனில் பேர்போன ஒரு கடை, முப்பது கோட் கேட்டது. பெப்ரவரிக்கு அல்ல, குளிர்காலம் முழுவதுக்கும். படத்தை மட்டும் பார்த்துக் கேட்டது. ஜெனெபா பாமாக்கோவில் தனக்கென்று தைத்துப் போட்டிருந்த கோட்டின் படம் அது. துணிக்குப் பெயர் பஸான். பூவேலை நெய்த தடித்த பருத்தி. கொலர் உள்ளே ஒன்றும் வைக்காமலே தானாக நிமிர்ந்து, கன்னத்தைத் தொடாமல், முகத்தைச் சுற்றி நிற்கும். ஜெனெபாவின் முழு யோசனையும் அந்தக் கொலரில்தான் இருந்தது. துணியின் தடிப்பால் அது நிற்கிறது என்று யோகராணி எண்ணியிருந்தாள்.

"தான்ரி, இது சரிவந்தால் இந்த இடத்தை இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எடுக்கலாம். சரிவராட்டில் டிசம்பரோட பூட்டிப்போட்டு நான் கோல் சென்ரருக்குப் போறன். பிரெஞ்சு தெரிஞ்ச ஆக்களுக்கு அங்க எப்பவும் வேலை இருக்கு."

யோகராணிக்கு வேறு எந்த இடத்திலும் வேலை இருக்கவில்லை. அது ஜெனெபாவுக்கும் தெரியும்.

துணி வர ஆறு கிழமை எடுத்தது. அங்கே சாயம் போட்டு, இங்கே சுங்கத்தில் கிடந்து, செப்ரெம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. மூன்று பொதி. ஊதா, கடுகு மஞ்சள், கரும்பச்சை. ஜெனெபா மொன்றியலில் சொந்தக்காரப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விழாவுக்குப் போகிற அவசரத்தில் நின்றாள்.

"திங்கள் வெட்டுவம், தான்ரி," என்றாள்.

திங்கள் வெட்டுவதென்றால் சனிக்கிழமை நனைக்க வேண்டும். யோகராணியிடம் கதவுத் திறப்பு இருந்தது. காலை ஒன்பது மணிக்கே போய்த் தொட்டியை நிரப்பினாள். துணியை விரித்தபோது அது கடதாசி மாதிரிச் சத்தம் போட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் கண் கூசியது. கஞ்சியை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள், இதோடு வெட்டினால் பிறகு எவ்வளவு சுருங்கும் என்று யார் கண்டது என்று எண்ணினாள். தண்ணீரில் போட்டால் துணி மிதந்தது. அழுத்தி அமிழ்த்தினாள். உப்புப் போட்டாள். சவர்க்காரம் போட்டுக் கும்மினாள். ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர், மூன்றாம் தண்ணீரில்தான் வழவழப்பு விட்டது. சாயம் ஒரு சொட்டுத்தானும் போகவில்லை. போட்டவர்கள் வலு கெட்டிக்காரர் என்று மனதுக்குள் மெச்சினாள். கயிறு கட்டிக் காயப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போய் எல்லாவற்றையும் அயன் பண்ணி மடித்து வைத்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை ஜெனெபா விழாவில் தந்த பலகாரத்தோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள். பெட்டியை வைத்துவிட்டு ஊதாத் துணியில் கையை வைத்தாள். கையை எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

"இது ஆற்ற துணி?"

"எங்கட. நனைச்சு எடுத்தனான். இனிச் சுருங்காது."

"தோய்ச்சனீங்களோ?"

"ஓம். மூண்டு தண்ணி. கஞ்சி போகுதில்லை, கஷ்டப்பட்டுப் போனன்."

ஜெனெபா கதிரையில் இருந்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் யோகராணிக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும், இருபத்தைந்து வருஷம் மேற்பார்வையாளர்களிடம் வாங்கிப் பழகியவள். ஜெனெபா துணியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"அது கஞ்சி மட்டும் இல்லை, தான்ரி. அடிச்ச மினுக்கம். என்ர அண்ணன் அடிச்சது."

பிறகு சொன்னாள். சாயம் போட்ட துணியைப் பசையில் தோய்த்துக் காய வைத்து, மடித்து, ஒரு மரக்குற்றியில் வைப்பார்கள். இரண்டு ஆண்கள் எதிரும் புதிருமாக இருந்து, கனத்த மரக்கட்டைகளால் மாறி மாறி அடிப்பார்கள். மணிக்கணக்காக. அடிக்க அடிக்க மெழுகு பூசியது மாதிரி மினுக்கம் ஏறும், துணி விறைக்கும். பாமாக்கோவில் பஸானின் மதிப்பு அந்த மினுக்கத்தில்தான். அவளுடைய அண்ணன் பாக்காரியும் மூன்று கூட்டாளிகளும் இந்த மூன்று பொதிக்காக இரண்டு கிழமை அடித்திருக்கிறார்கள். தண்ணீரில் போட்டால் போய்விடும். எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், அதனால்தான் உங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை என்றாள்.

 மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யோகராணிக்குத் தெரிந்தது. வாய் வரவில்லை. போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

அடுத்த மூன்று நாள் அவள் செய்யாதது இல்லை. சோற்றுக் கஞ்சி போட்டாள், சோளமாக் கஞ்சி போட்டாள். துணி விறைத்தது, மினுங்கவில்லை. மிஞ்சிய துண்டொன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மடித்து வைத்து, ரொட்டி உருட்டுகிற கட்டையால் அடித்துப் பார்த்தாள்.

"இஞ்சரும், உது துணியோ கள்ளனோ?" என்றார் சச்சிதானந்தன். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். துணியில் இழை பிரிந்ததுதான் மிச்சம்.

புதிதாக அனுப்ப இன்னும் ஆறு கிழமை வேண்டும். கடை தந்த தவணையில் மூன்று கிழமைதான் மிச்சம். ஜெனெபா இருந்த துணியையே வெட்டச் சொன்னாள். முதல் கோட் தைத்து முடிந்து உருவப்பொம்மையில் போட்டபோது கொலர் கவிழ்ந்து தோளில் விழுந்தது.

"அவையைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லப் போறன்," என்றாள் ஜெனெபா. "துணி பழுதாப் போச்சுது, நேரம் தாங்கோ எண்டு கேக்கப் போறன். பொய் சொல்லி விக்கமாட்டன்."

"நான்தான் பழுதாக்கினது எண்டு சொல்லும்."

"அது அவைக்குத் தேவையில்லை."

கடைக்காகத் துணிமணி தெரிவு செய்கிற பெண் வியாழக்கிழமை வந்தாள். வந்ததும் கோட்டைத்தான் தொட்டாள். ஜெனெபா வாயெடுக்க முன்பே அவள் தொடங்கிவிட்டாள். எவ்வளவு மெது, எவ்வளவு அழகு. உண்மையைச் சொல்லட்டுமா, படத்தில் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது, மழைக்கோட் மாதிரி மினுங்கியது, எங்கள் வாடிக்கையாளர் போடமாட்டார்களே என்று. இந்தக் கொலர் சோம்பலாக விழுகிறதே, அதுதான் விசேஷம்.

"இது உண்மையான துணி இல்லை," என்றாள் ஜெனெபா. "உண்மையானது மினுங்கும். அதுக்கு..."

"நீங்கள் இதுக்கு என்ன செய்தீர்களோ," என்று கையைப் பிடித்துக்கொண்டாள் அந்தப் பெண், "அதையே அடுத்ததுக்கும் செய்யுங்கள்."

அடுத்தது அறுபது. ஜெனெபா வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து குளியலறைக்குள் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிய சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் துடைத்திருந்தது. அளவுக் கொப்பியை எடுத்து விரித்தாள்.

"தான்ரி, எத்தினை தண்ணி எண்டு சொன்னீங்கள்?"

"மூண்டு."

"உப்பு?"

"ஒரு கை."

எழுதிக்கொண்டாள்.

வேலை நிலைத்துவிட்டது. இடத்தையும் இரண்டு வருஷத்துக்கு எடுத்தாயிற்று. யோகராணி எதற்குப் பயந்தாளோ அது நடக்கவில்லை. அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் இன்னும் ஒன்று கேட்டார்கள். இந்தக் காலத்தில் கோட் தனியாக விற்காது, கதையோடுதான் விற்கும் என்று, துணி உண்டாகிற விதத்தைப் படத்தோடு ஒரு அட்டையில் போடச் சொன்னார்கள். ஜெனெபா அண்ணனின் படத்தை அனுப்பினாள். ஒவ்வொரு கோட்டின் பொத்தானிலும் இப்போது பாக்காரி தொங்கினான், கட்டையை ஓங்கியபடி. பாமாக்கோவில் கையால் அடித்து மெருகேற்றியது என்று கீழே எழுதியிருந்தது. கோட்டை வாங்குகிறவர்கள் அட்டையையும் தடவிப் பார்த்தார்கள், துணியையும் தடவிப் பார்த்தார்கள். இரண்டுக்கும் பொருத்தமில்லையே என்று ஒரு சீவன் கேட்கவில்லை.

யோகராணி ஒருநாள் கேட்டாள்: "அடிக்காமல் அனுப்பச் சொல்லலாமே? அவைக்கும் வேலை மிச்சம், எனக்கும் மிச்சம்."

"அவைக்கு வேலை மிச்சமெண்டால் சாப்பாடும் மிச்சம், தான்ரி. நாலு குடும்பம் உந்தக் கட்டையில சீவிக்குது. அங்க இப்ப எல்லாம் மெஷினில மினுக்கின துணிதான் மலிவா வருது." கொப்பியை மூடிக்கொண்டு சொன்னாள்: "தண்ணியில போடுறம் எண்டு சொல்லுவனோ அவனுக்கு?"

அதனால் அங்கே அடித்தார்கள், இங்கே கழுவினார்கள். மாதத்துக்கு ஒருமுறை பொதி வரும். யோகராணி தொட்டியை நிரப்புவாள். ஜெனெபா பழுப்புத் தாளை விரிப்பது குறைந்துபோனது. நின்று வரைந்தவள் இப்போது இருந்து ஈமெயில் எழுதினாள். ஒருநாள் அவளுடைய ஊர்ப் பெண் ஒருத்தி பூபூ என்கிற அவர்களுடைய அகன்ற நீள அங்கி தைக்க வந்தவள், தொங்கிய கோட்டைத் தொட்டு, ஆர் உடுத்துக் கழட்டினது இது என்று கேட்டாள். ஜெனெபா அவள்மீது கோபப்படவில்லை. கடைக்குப் போகிறது என்று மட்டும் சொன்னாள். முன்பென்றால் அவளோடு அரை மணித்தியாலம் வாதாடியிருப்பாள்.

ஜனவரி கடைசியில் ஒரு காலை, பதினொரு மணியிருக்கும். நான்காம் முறை பொதி வந்து பிரிக்காமல் கிடந்தது. யோகராணி தொட்டிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெனெபாவின் ஃபோனில் பாக்காரி வந்தான். படத்தில் பார்த்ததைவிட மெலிந்த ஆள். பின்னால் முற்றம், வெயில், யாரோ கட்டையால் அடிக்கிற சத்தம். அண்ணனும் தங்கையும் தங்கள் பாஷையில் கதைத்தார்கள். ஜெனெபா திரும்பினாள்.

"அண்ணன் உங்களைப் பாக்க வேணுமாம். தைக்கிற அம்மாவுக்கு நன்றி சொல்ல வேணுமாம்."

யோகராணி கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்தான். நெடுநேரம் ஏதோ சொன்னான். உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுள் என்று ஜெனெபா மாற்றிச் சொன்னாள். பிள்ளைகள் இல்லை என்று சொல்ல யோகராணிக்கு மனம் வரவில்லை. அவன் இன்னும் ஒன்று கேட்டான். அதை ஜெனெபா உடனே மாற்றிச் சொல்லவில்லை.

"என்னவாம்?"

"ஒரு கோட் பாக்க வேணுமாம். இந்த ஊர் வெளிச்சத்தில தன்ர மினுக்கம் எப்படித் தெரியுது எண்டு பாக்க வேணுமாம்."

சுவரோரமாக இருபத்திரண்டு கோட் தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அவற்றைப் பார்க்கவில்லை. யோகராணிதான் போய்ப் புதுப் பொதியின் கயிற்றை வெட்டினாள். மேலே கிடந்த மஞ்சள் துணியை உதறினாள், அது சடசடத்தது. தோளில் போட்டுக் கழுத்தடியில் மடித்துக் கொலர் மாதிரிப் பிடித்தாள். கையை எடுத்த பிறகும் அது தானாக நின்றது. ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றாள். வெளியே பனியில் பட்ட வெளிச்சம் முழுவதும் துணியில் ஏறியது.

பாக்காரி கூட்டாளிகளைக் கூப்பிட்டான். சின்னத் திரையில் நான்கு தலைகள் நெருக்கியடித்துப் பார்த்தன. ஒருவன் கை தட்டினான். பாக்காரி தட்டவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான், பிறகு மெல்லிய குரலில் தங்கையிடம் ஏதோ சொன்னான். ஜெனெபா சிரித்துச் சரி என்று தலையாட்டி, ஃபோனை வைத்தாள். வைத்த கையோடு சிரிப்பும் போய்விட்டது.

"என்ன சொன்னவன்?"

"குளிர் நாடாம், கனகாலம் உடுப்பினமாம், மினுக்கம் நிண்டுபிடிக்க வேணுமாம். அடுத்த முறை இன்னும் ரெண்டு நாள் கூட அடிக்கிறானாம், காசு கூடத் தேவையில்லையாம்."

யோகராணிக்கு அழுகை வந்திருக்க வேண்டிய இடம் அது. தோளில் துணியோடு நின்று பார்த்தாள். வரவில்லை. ஜெனெபா கணினிக்குத் திரும்பிவிட்டாள். கடைக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.

யோகராணி துணியைத் தோளிலிருந்து எடுத்து, தொட்டியில் விட்டாள். அது மிதந்தது. அடிபட்ட துணி லேசில் தண்ணீர் குடிக்காது. கைகளை முழங்கைவரை விட்டு அமிழ்த்தி, அது எழும்பாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.